காணாமற் போன பூனை எங்கே இருக்கிறது?

பூனையைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய் அடுத்த ஊரில் விட்டுவிட்டு வந்தால், விட்டவர் திரும்பி வருவதற்குள் பூனை வந்து திண்ணையில் படுத்திருக்கும் என்று நம் பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் இதை முழுக்க நம்புவதால் ஒரு தீங்கும் நேர்கிறது. வளர்த்த பூனை ஒரு நாள் வீடு வராவிட்டால், ‘எங்கே போய்விடும், தானே வரும்’ என்று இருந்துவிடுகிறோம். நான்கு நாள் கழிந்ததும், ‘யாரோ பிடித்துப் போய்விட்டார்கள்’ என்று கைவிட்டு விடுகிறோம். இவ்விரண்டு முடிவுகளுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அந்தப் பூனை எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் நம் வீட்டிற்கு மிக அருகிலேயே இருக்கிறது என்பதுதான் இன்றைய அறிவியல் தரும் விடை. இந்த எளிய விடையைக் கண்டறிய ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

பழைய உறவு

மனிதனும் பூனையும் பழகத் தொடங்கிய காலம் மிகப் பழமையானது. சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்னும் இடத்தில், மனிதன் ஒருவனுடன் பூனை ஒன்றும் அருகருகே புதைக்கப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு அறிஞர் ழான்-தெனி வீஞ் குழுவினர் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அக்குழியின் வயது சுமார் 9,500 ஆண்டுகள். நம் தொல்காப்பிய மரபியலும் ‘வெருகு’ என்னும் காட்டுப்பூனையைக் கூறி, அதன் இளமைப் பெயர் ‘குட்டி’ என்று வகுத்திருக்கிறது.

மனிதன் தானியத்தைச் சேர்த்து வைத்தான். தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. நாய் நம்முடன் வேட்டைக்கு வந்த பிராணி; பூனையோ நம் களஞ்சியத்திற்கு வந்த பிராணி. ஆகவே ஆளைக் காட்டிலும் இடத்தோடு அதற்குப் பிணைப்பு அதிகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

முதல் கேள்வி: எப்படித் திரும்புகிறது?

அறிவியலார் முதலில் எழுப்பிய கேள்வி, நம் பெரியவர்களின் கேள்விதான். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் பேராசிரியராக இருந்த பிரான்சிஸ் ஹெரிக், கழுகுகளை ஆராய்ந்து புகழ் பெற்றவர். அவர் பூனைகளை வீட்டிலிருந்து வெவ்வேறு தொலைவுகளுக்குக் கொண்டு போய் விட்டுப் பார்த்தார். குட்டி போட்டிருந்த ஒரு தாய்ப்பூனை, சில மைல் தொலைவில் விட்டும் மீண்டும் மீண்டும் தன் குட்டிகளிடம் வந்து சேர்ந்தது. இம்முடிவுகளை அவர் 1922-இல் வெளியிட்டார்.

1954-இல் ஜெர்மானிய அறிஞர்களான பிரெக்ட், லிண்டன்லாப் ஆகியோர் இதைவிடக் கடுமையான சோதனை ஒன்றைச் செய்தனர். பூனைகளை வழி தெரியாமல் மூடி எடுத்துச் சென்று, நாற்புறமும் வாயில்கள் கொண்ட ஒரு சுற்றுப்பாதைக் கூண்டுக்குள் விட்டனர். வெளியே எதுவும் தெரியாது. எந்த வாயில் வழியாகப் பூனை வெளியேறுகிறது என்று குறித்துக் கொண்டனர். வீடு 5 கிலோமீட்டருக்குள் இருந்தால், வீட்டுத் திசையிலுள்ள வாயிலையே பல பூனைகள் தேர்ந்தெடுத்தன. தொலைவு கூடக்கூட இத்திறன் குறைந்தது.

எப்போதாவது இந்த எல்லையையும் மீறிய செய்திகள் வருவதுண்டு. 2012 நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவில் டேட்டோனா கடற்கரையில் காணாமற் போன ஹாலி என்ற பூனை, இரண்டு மாதம் கழித்து, சுமார் 300 கிலோமீட்டருக்கு அப்பால் தன் சொந்த ஊரில் நடக்கக்கூட முடியாத நிலையில் கண்டெடுக்கப்பட்டது. இது உலகச் செய்தி ஆயிற்று. ஏன்? அரிதாக நடப்பதுதானே செய்தியாகும்! திரும்பாத பூனைகளைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. திரும்பிய சிலவற்றைக் கேட்டுக் கேட்டே எல்லாப் பூனையும் திரும்பும் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு தூரம் போகிறது?

1963-இல் அமெரிக்காவைச் சேர்ந்த காக்ரன், லார்டு என்ற இருவர், காட்டு விலங்குகளின் மேல் சிறிய வானொலி அலைபரப்பியைப் பொருத்தி, அவை இருக்குமிடத்தைத் தொலைவிலிருந்தே அறியும் முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். பின்னர் செயற்கைக்கோள்களின் துணையால் இடமறியும் ஜி.பி.எஸ். கருவிகள் சிறுத்துப் பூனைக் கழுத்துப்பட்டையில் அடங்கும் அளவுக்கு வந்தன. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் 925 வீட்டுப்பூனைகளுக்கு இக்கருவியைப் பொருத்திப் பெற்ற முடிவுகள் 2020-இல் வெளிவந்தன. பெரும்பாலான பூனைகள் வீட்டிலிருந்து 100 மீட்டர் வட்டத்திற்குள்ளேயே பொழுதைக் கழித்தன.

அப்படியானால் காணாமற் போன பூனை? 2018-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் ஜாக்கி ராண்ட் குழுவினர், காணாமற் போன 1,210 பூனைகளைப் பற்றி அவற்றை வளர்த்தவர்களிடம் விசாரித்து எழுதிய கட்டுரை இதற்கு விடை தந்தது. மூன்றில் ஒரு பங்குப் பூனைகள் ஏழு நாள்களுக்குள் கிடைத்தன. ஓராண்டுக்குள் கிடைத்தவை 61 விழுக்காடு. கிடைத்த பூனைகளில் பாதி, தப்பிய இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருந்தன; முக்கால் பங்கு 500 மீட்டருக்குள் இருந்தன. நேரில் நடந்து தேடியவர்களுக்கே பூனை உயிருடன் கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

ஒரு சிறு கணக்கு

இவ்வெண்களை ஒரு பௌதிக ஆசிரியனின் பழக்கப்படி கணக்கிட்டுப் பார்ப்போம். 50 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 7,850 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ 2 ஏக்கர். 500 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்போ இதைப்போல் 100 மடங்கு. ஏறத்தாழ 194 ஏக்கர். உள்வட்டத்தின் 2 ஏக்கரில் பாதிப் பூனைகள் இருக்கின்றன. அதற்கு வெளியேயுள்ள 192 ஏக்கரில் கால் பங்குதான் இருக்கிறது. ஏக்கருக்கு எவ்வளவு என்று வகுத்தால், வீட்டருகே பூனை கிடைக்கும் வாய்ப்பு வெளிவட்டத்தைக் காட்டிலும் சுமார் 200 மடங்கு!

இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காக அமெரிக்கக் கணித அறிஞர் பெர்னார்டு கூப்மன் ‘தேடுதல் கோட்பாடு’ ஒன்றை உருவாக்கினார். தேடுபவரின் நேரமும் உழைப்பும் அளவானவை. ஆகவே வாய்ப்பு அடர்த்தியாக உள்ள இடத்தில் முதலில் செலவிட வேண்டும் என்பது அதன் உட்கருத்து. நாமோ பூனை காணவில்லை என்றதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் எல்லைக்கு ஓடுகிறோம். மாடிப்படியின் கீழே குனிந்து பார்ப்பதில்லை.

ஏன் குரல் கொடுப்பதில்லை?

‘பக்கத்திலேயே இருந்தால் கூப்பிட்டதும் வராதா?’ என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானியர்களான சைட்டோவும் ஷினோசுகாவும் 2013-இல் இதற்கு ஒரு விடை தந்தனர். 20 பூனைகளுக்கு, அந்நியர் கூப்பிடும் குரலையும் வளர்ப்பவர் கூப்பிடும் குரலையும் பதிவு செய்து கேட்கச் செய்தனர். வளர்ப்பவரின் குரலைப் பூனைகள் இனங்கண்டுகொண்டன. ஆனால் அதைக் காதைத் திருப்பியும் தலையை அசைத்தும்தான் காட்டின. பெரும்பாலும் எழுந்து வரவுமில்லை, பதில் குரல் கொடுக்கவுமில்லை. தன் வீட்டில் சௌகரியமாக இருக்கும் பூனையே இப்படியென்றால், பழகாத இடத்தில் அஞ்சிப் பதுங்கியிருக்கும் பூனையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இடத்தோடு பிணைப்புள்ள பிராணி என்று முன்னர்க் கண்டோம் அல்லவா? இடம் மாறியதும் அதற்கு முதலில் தோன்றுவது ஒளிந்துகொள்ளும் எண்ணமே. சத்தம் போட்டால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே காதைவிடக் கண்ணை நம்பித் தேட வேண்டும். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் டேப்பீட்டம் என்ற பிரதிபலிக்கும் படலம் உள்ளது. அது ஒளியை வந்த வழியே திருப்பியனுப்புகிறது. இதனால் டார்ச் விளக்கை இடுப்பருகே பிடித்தால் பயனில்லை. உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து ஒளியைப் பாய்ச்ச வேண்டும். அப்போதுதான் திரும்பும் ஒளி உங்கள் கண்ணை வந்தடையும். இருளில் இரண்டு பச்சைப் புள்ளிகள் மின்னும்.

துறைமுகத்துப் பூனை

சரி, பூனை உண்மையிலேயே தொலைதூரம் போய்விட்டால்? இதற்குச் சென்னையிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சீனாவிலிருந்து பொம்மைகள் ஏற்றி வந்த கொள்கலன் ஒன்றில் உயிருள்ள பூனை ஒன்று சென்னைத் துறைமுகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. கொரோனா அச்சம் பரவிய வேளை அது. பூனையைச் சீனாவுக்கே திருப்பியனுப்ப வேண்டும் என்றனர் அதிகாரிகள். இத்தனை நாள் பூனை உணவும் நீருமின்றிப் பிழைத்திருக்க முடியாது, வழியில் வேறு துறைமுகத்தில் ஏறியிருக்கலாம் என்று வாதாடினர் பிராணிநலத்தார். எது சரி? பூனையிடம் எந்த அடையாளமும் இல்லாததால் சான்று காட்ட எவராலும் முடியவில்லை. சில மாதங்களுக்குப் பின்னரே அதற்கு விடுதலை கிடைத்தது.

மேலே சொன்ன ஹாலியை அடையாளம் காட்டியது, அதன் தோலுக்கடியில் இருந்த அரிசி அளவுள்ள ஒரு சில்லு. அதைப் பொருத்தினால் பூனை இருக்குமிடம் கைப்பேசியில் தெரியுமல்லவா என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. தெரியாது. அதில் மின்கலமே கிடையாது. படிக்கும் கருவியின் சுருளில் பாயும் மாறுமின்னோட்டம், சில்லிலுள்ள நுண்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. பாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது! அந்தத் துளி மின்சாரத்தில் சில்லு விழித்தெழுந்து, தன் 15 இலக்க எண்ணைச் சொல்லிவிட்டு உறங்கிவிடுகிறது. காந்தப்புலம் தொலைவுடன் மிக விரைவாகக் குறைவதால், கருவியைச் சில அங்குல அருகில் கொண்டு வந்தாலன்றி எண் கிடைக்காது. சில்லு பூனையைத் தேடித் தராது; கிடைத்த பூனை யாருடையது என்று சொல்லும். அதுவே பெரிது. 2009-இல் அமெரிக்கப் பிராணிக் காப்பகங்களில் நடந்த ஆய்வில், அங்கு வந்து சேர்ந்த பூனைகளில் 2 விழுக்காட்டிற்கும் குறைவானவையே உரியவரிடம் திரும்பின. சில்லு பொருத்தியவற்றிலோ 38 விழுக்காட்டிற்கு மேல் திரும்பின.

நம் ஊரில் எப்படித் தேடுவது?

திருவள்ளூர் மாவட்டத்து வாசகர்களுக்கு இது பொருந்தும். கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் பகலெல்லாம் ஆலைகளின் இரைச்சலும் கொல்கத்தா நெடுஞ்சாலையின் லாரி ஓசையும் ஓய்வதில்லை. அந்த நேரத்தில் கூப்பிடுவதும் தேடுவதும் வீண். போக்குவரத்து அடங்கிய பின்னிரவிலோ விடியுமுன்னோ தேடுங்கள். முதலில் சொந்த வீட்டின் பரண், பீரோவின் பின்புறம். பிறகு அடுத்தடுத்த வீடுகளின் மாடிப்படி, விறகுக் குவியல், பூட்டிய அறைகள், தகரக் கொட்டகைகள். அண்டை வீட்டாரிடம் ‘பார்த்தீர்களா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘உங்கள் கொட்டகையைத் திறந்து பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். தகரத்திற்குள் இருந்தால் ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டையும் சரியாக வேலை செய்யாது. உலோகம் வானொலி அலையைத் தடுத்துவிடும். தெருவில் நிற்கும் லாரிகளின் அடியிலும் பாருங்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்திற்கும் ஆந்திரத்திற்கும் போகும் வண்டிகள் அவை. ஒருமுறை கிளம்பிவிட்டால் நம் இரண்டு ஏக்கர் கணக்கு உதவாது.

நாம் கூப்பிடும் குரல் பூனையின் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும். அது வர அஞ்சுகிறது. நாம்தான் போக வேண்டும். ஏழு நாள்களாவது விடாமல் தேடுங்கள்.