நிலைக்கு ஒரு கிளாஸ்

ஒரு பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும்? "அழுத்தும்போது இயந்திரம் எந்த நிலையில் இருந்தது?" என்று திருப்பிக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜார்ஜ் மீலி 1955லும், எட்வர்ட் மூர் 1956லும் இதைக் கணிதமாகவே எழுதிவிட்டார்கள். சில நிலைகள், வெளியிலிருந்து வரும் சில நிகழ்வுகள், எந்த நிலையில் எது வந்தால் எங்கே தாவ வேண்டும் என்ற விதிகள். அவ்வளவுதான்!

காகிதத்தில் தெளிவாக இருந்த இது, புரோகிராமுக்குள் வந்ததும் 'ஃபிளாக்' எனப்படும் மாறிகளாகச் சிதறிப் போனது. நிலைக்கென்று பெயர் கிடையாது. இந்த ஃபிளாக் 0, அந்த ஃபிளாக் 1 என்றால் இன்ன நிலை என்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அது எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தெராக்-25 காட்டியது. கனடாவில் தயாரான இந்தப் புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை 6 நோயாளிகளுக்கு அளவுமீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் இறந்தார்கள். கடைசி விபத்துக்குக் காரணம் ஒரே ஒரு பைட் அளவுள்ள மாறி. அதன் பெயர் 'கிளாஸ்3' (இந்தக் கட்டுரையின் கிளாஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!). அது 0 என்றால் "எல்லாம் சரி, சோதிக்க வேண்டாம்" என்று பொருள். மற்ற எண் எதுவானாலும் சோதிக்க வேண்டும். "சோதி" என்று சொல்வதற்காகப் புரோகிராம் ஒவ்வொரு சுற்றிலும் அதில் 1 கூட்டிக்கொண்டே போனது. ஒரு பைட்டில் 255க்கு மேல் இடமில்லை. ஆகவே 256வது சுற்றில் மாறி மீண்டும் 0. சரியாக அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தினால் சோதனையே நடக்காமல் கதிர் பாயும். கூட்டுவதற்குப் பதில் 0 அல்லாத ஒரு எண்ணை நேராக வைத்ததுதான் பிற்பாடு செய்த திருத்தம். (பழைய மாடலில் இருந்த வன்பொருள் பாதுகாப்பை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மென்பொருளிடம் விட்டதும் பெரிய தவறு.)

கிளாஸ் என்ற கருத்து நார்வேயின் சிமுலா 67 மொழியிலேயே வந்துவிட்டது. ஆனால் "நிலைக்கு ஒரு கிளாஸ்" என்ற வழியைப் பரவலாக்கியது, 1994ல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் ஆகிய நால்வர் எழுதிய டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகம். அதிலுள்ள 23 முறைகளில் 'ஸ்டேட்' ஒன்று.

அவர்கள் எடுத்த உதாரணம் டிசிபி இணைப்பு. இணைக்கப்பட்டது, காத்திருக்கிறது, மூடியது என்று மூன்று நிலைகள், மூன்று கிளாஸ்கள். இணைப்பு ஆப்ஜெக்ட் தன் கையில் ஒரு நிலை ஆப்ஜெக்டை மட்டும் வைத்திருக்கும். "திற" என்று வந்தால் அதனிடம் தள்ளிவிடும். ஒவ்வொரு கிளாஸும் தன் பாணியில் பதில் சொல்லும். நிலை மாறினால் கையிலுள்ள ஆப்ஜெக்ட் மாறும். அடுக்கடுக்கான 'இஃப்'கள் காணாமல் போய்விடும்.

இதிலும் தொல்லை உண்டு. குட்டிக் குட்டிக் கிளாஸ்கள் பெருகும். எங்கிருந்து எங்கே தாவுகிறது என்பதை ஒரே பக்கத்தில் பார்க்க முடியாது. இரண்டு, மூன்று நிலைகளுக்கு இவ்வளவு ஆடம்பரம் தேவையே இல்லை.

ஆனால் டிசிபிக்கு 1981ல் வெளியான வரையறையிலேயே 11 நிலைகள். 2022ல் புதுப்பித்தபோதும் அதே 11தான். அவற்றில் 'மூடியது' என்பது கற்பனை நிலை என்று அந்த ஆவணமே சொல்கிறது. இணைப்பே இல்லாதபோது நிலை ஏது? நால்வரோ அதற்கும் ஒரு கிளாஸ் கொடுத்துவிட்டார்கள்.