உறுதியில்லாக் காணி: 1977 தேர்தலுக்குப் பிந்தைய வன்முறையும் மலையகத் தமிழர் மீள்குடியேற்றமும்

1. ஆய்வுப் பொருள்

கலவரத்தில் வீடிழந்தவருக்குக் கூரை கிடைத்ததும் மறுவாழ்வு முடிந்ததாகக் கோப்பை மூடிவிடுவது அரசுகளின் வழக்கம். இலங்கையின் தெற்கிலிருந்து வன்னிக்குப் பெயர்ந்த மலையகத் தமிழரின் வரலாறு இதை மறுக்கிறது. காணியுரிமை, குடியுரிமை, உயிர்ப் பாதுகாப்பு மூன்றும் கூடாத குடியேற்றம் அடுத்த இடப்பெயர்வுக்கே வழிவிடும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. பின்புலம்

1977 ஜூலை 21 பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140ஐ வென்றது. தனிநாட்டுக்கு ஆணை கேட்ட தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களுடன் எதிர்க்கட்சியானது. ஆகஸ்ட் நடுவில் யாழ்ப்பாணத்தில் பொலிசாருக்கும் மக்களுக்கும் மூண்ட மோதல், தெற்கில் தமிழர் மீதான தாக்குதலாகப் பரவியது. தோட்டத் தொழிலாளரான மலையகத் தமிழரின் லயக் குடியிருப்புகளும் தப்பவில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய அவர்களில் பலருக்கு அத்தேர்தலில் வாக்கே கிடையாது. போடாத வாக்குக்குத்தான் அவர்கள் அடி வாங்கினார்கள்.

இவ்வன்முறையை விசாரித்த, முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி தலைமையிலான ஆணைக்குழுவின் அறிக்கை 1980இல்தான் வெளிவந்தது. அதுவரை அகதிகளால் காத்திருக்க முடியவில்லை.

3. காந்தீயத்தின் பணி

கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோர் வழிநடத்திய காந்தீயம் அமைப்பு, வன்னியில் வவுனியாவை ஒட்டிய பகுதிகளில் அகதிக் குடும்பங்கள் குடியமரத் துணைநின்றது. பாலர் பள்ளிகள் நடத்தியது. நடமாடும் மருத்துவ உதவி வழங்கியது. தோட்டத்தில் கூலிக்கு உழைத்தவர்கள் தமக்கெனப் பயிரிடத் தொடங்கினர். ஆனால் அந்த நிலத்தில் அவர்களை நிலைநிறுத்தும் சட்டப் பிடிமானம் அமையவில்லை.

4. சிதைவு

1983 ஏப்ரலில் டேவிட், இராஜசுந்தரம் இருவரும் கைதாயினர். ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். இவ்வாறு அகதிகள் குடியமர்ந்த இடங்களான டொலர், கென்ட் பண்ணைகளில் இருந்த தமிழர் 1984இல் வெளியேற்றப்பட்டு, சிங்களக் கைதிகள் குடும்பங்களுடன் அங்கே குடியமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30 அன்று விடுதலைப் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கிப் பெண்கள், குழந்தைகள் உட்படப் பலரைக் கொன்றனர். ஒரு கூட்டத்தாரைத் துரத்திய மண்ணில் மற்றொரு கூட்டத்தாரை அமர்த்தியதால் இரு தரப்பு ஏழைகளும் அழிந்தனர்.

5. முடிபுகள்

அ) உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய ஐ.நா. வழிகாட்டு நெறிகள் (1998), மீள்குடியேற்றம் விருப்பத்தோடும் பாதுகாப்போடும் கண்ணியத்தோடும் நிகழவேண்டும் என்கின்றன. இழந்த சொத்தை மீட்க அல்லது ஈடு பெற உதவுவது அதிகாரிகளின் கடமை.

ஆ) நாடற்றோராக எஞ்சியிருந்த மலையகத் தமிழருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. வாக்கற்றவரின் துயரத்துக்கு நாடாளுமன்றத்தில் வலுவில்லை என்பதற்கு இத்தாமதமே சான்று.

இ) ஆகவே அகதி முகாமைக் கலைக்கும் நாளிலேயே காணி உறுதி குடும்பத்தின் கைக்கு வரவேண்டும். அதைப் பறிப்பவர் எவராயினும் நீதிமன்றத்தில் பதில்சொல்ல வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் அமைதி பேசுவது, மக்களை மீண்டும் ஒருமுறை நடுத்தெருவில் நிறுத்துவதாகும்.