ஊதியமும் முதலும்: பேராக் தமிழர் வரலாற்றில் தொழில்முனைவின் அடிப்படைகள்

இன்று 'ஊதியம்' என்றால் மாதச் சம்பளம் என்றே நம் மாணவர்கள் பொருள் கொள்கின்றனர். படிவங்களும் செய்தித்தாள்களும் அப்பொருளிலேயே அதனை வழங்குகின்றன. திருக்குறளில் இச்சொல்லின் பொருள் வேறு. 'தெரிந்துசெயல்வகை' அதிகாரத்தின் முதற்குறள், ஒரு செயலில் இறங்குமுன் அதனால் அழிவது எது, ஆவது எது, பின்னர் கிடைக்கும் ஊதியம் எது என்று மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. அங்கே ஊதியம் என்பது இலாபம். துணிந்து பொருளிட்டவர் இறுதியில் காணும் பயன்.

இலாபத்தைக் குறித்த சொல் காலப்போக்கில் சம்பளத்தைக் குறிக்க வந்தது மொழியில் இயல்பாக நிகழும் பொருள் மாற்றமே. ஆயினும் பேராக் தோட்டத் தமிழரின் வரலாற்றை எண்ணும்போது அம்மாற்றம் நம்மைச் சற்று நிறுத்தி வைக்கிறது. பிறர் முதலில் உழைத்துச் சம்பளம் பெற்ற ஒரு சமூகம், தன் முதலில் இலாபம் காணும் நிலைக்கு எவ்வாறு செல்வது? தொழில்முனைவு பற்றிய தொடக்கப் பாடங்கள் இடர், முதல், கணக்கு, பங்கு என்னும் கருத்துகளை வரையறைகளாகக் கற்பிக்கின்றன. அவற்றை ஈப்போவிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் நம் முன்னோர் வாழ்ந்து அறிந்த வழியே இவ்வுரையில் காண்போம்.

இடர்

தொழில்முனைவோர் யார் என்ற கேள்விக்கு ஐரோப்பியப் பொருளியலில் முதன்முதலாகத் தெளிவான விடை தந்தவர் ரிச்சர்ட் காண்டிலோன். 1755இல் அச்சான அவருடைய நூல் மக்களை இரு வகையாகப் பிரிக்கிறது. குறித்த சம்பளம் பெறுவோர் ஒரு வகையினர். இன்ன விலைக்கு வாங்கினோம் என்று தெரிந்தும், இன்ன விலைக்கு விற்போம் என்று தெரியாமலும் தொழில் நடத்துவோர் மற்றொரு வகையினர். இவ்விரண்டாம் வகையினரே தொழில்முனைவோர். அவர்கள் இடரைத் தாங்குகின்றனர். ஆகவே இலாபமும் அவர்களுக்கு உரியதாகிறது.

இவ்வரையறையைத் தோட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 1877இல் பேராக்கின் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அந்நகரில் காட்சிப் பொருளாக நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பெருந்தொழிலாயிற்று. கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அம்முறை நீடித்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தமக்குரிய நிரையில் மரம் வெட்டிப் பால் சேர்த்தவருக்கு நாட்கூலி கிடைத்தது. லயத்து வீடு தோட்டத்திற்கு உரியது. வேலை போனால் வீடும் போகும்.

காண்டிலோன் கூற்றுப்படி சம்பளக்காரர் இடருக்கு வெளியே நிற்பவர். தோட்டத்தில் நிகழ்ந்ததோ வேறு. ரப்பர் விலை ஏறியபோது இலாபம் முதலிட்டவர்க்குச் சென்றது. 1930களின் மந்தத்தில் விலை வீழ்ந்தபோது தொழிலாளியின் கூலி குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆக, இடரில் அவருக்குப் பங்கு இருந்தது, இலாபத்தில் இல்லை. தோட்டத் தமிழரின் பொருளியல் வரலாற்றை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டுமாயின் இதனையே சொல்லலாம்.

முதலும் கணக்கும்

'முதல்' என்னும் சொல்லுக்குத் தொடக்கம் என்றும் மூலதனம் என்றும் பொருள் உண்டு. தொழிலின் தொடக்கம் எதுவோ அதுவே மூலதனம் என்னும் கருத்து அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. முற்கூறிய அதிகாரத்தின் மூன்றாம் குறள், வரப்போகும் ஆக்கத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்று எச்சரிக்கிறது. மலாய்மொழி மூலதனத்தை 'மோடால்' என்கிறது. அது நம் 'முதல்' என்னும் சொல்லே. கடை 'கெடாய்' ஆகவும் பெட்டி 'பெத்தி' ஆகவும் அம்மொழியில் வழங்குகின்றன. தொழில்முனைவோரைக் குறிக்கும் 'உசாகாவான்' என்னும் மலாய்ச் சொல்லின் பகுதியான 'உசாகா', நாம் உற்சாகம் என்று வழங்கும் வடசொல்லிலிருந்து வந்தது. கடல் கடந்து வந்த தமிழ் வணிகர் சரக்குகளோடு வணிகச் சொற்களையும் கொண்டுவந்தனர் என்பதற்கு இவை சான்று.

அவ்வணிக மரபின் வளர்ந்த வடிவத்தை ஈப்போவின் லகாட் சாலைப் பகுதியில் தொழில் நடத்திய நகரத்தாரிடம் காணலாம். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் வளர்ந்த காலத்தில், வங்கிகள் எட்டிப் பார்க்காத சிறு தொழிலர்க்கும் அவர்கள் கடன் தந்தனர். கிட்டங்கி எனப்படும் நீண்ட கூடத்தில், ஆளுக்கொரு பெட்டியும் சாய்மேசையுமாகப் பல கடைகள் அருகருகே இயங்கின. உரிமையாளர் தம் கைப்பொருளாக இட்டது முதற்பணம். உற்றார் உறவினரிடம் வட்டிக்குப் பெற்று இட்டது மேம்பணம். சொந்த முதல், கடன் முதல் என்று இன்றைய பாடநூல்கள் பிரித்துக் காட்டுவதை அவர்கள் இவ்விரு சொற்களால் பிரித்தறிந்தனர். முதற்பணம் இழப்பைத் தாங்கும். மேம்பணத்தையோ இழப்பு வந்தாலும் திருப்பித் தர வேண்டும். தொடங்குவோர் முதலில் அறிய வேண்டிய வேறுபாடு இது.

அவர்களின் கல்விமுறையும் நோக்கத்தக்கது. சிறுவனாகப் பெட்டியடியில் அமர்ந்தவன் படிப்படியாக அடுத்தாளாகவும் மேலாளாகவும் உயர்ந்தான். நாள்தோறும் கணக்கெழுதிப் பேரேட்டில் ஏற்றி, காலமுடிவில் ஐந்தொகை எடுத்தான். ஐந்தொகை என்பது தொழிலின் நிலையைக் காட்டும் இறுதிக் கணக்கு. இலங்கைப் பாடநூல்கள் இச்சொல்லை ஏற்றுக்கொண்டன. இம்மரபில் நிழலும் உண்டு. 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாதபோது அடைமான நிலங்கள் பல கடன் தந்தோர் கைக்கு வந்தன. அதனால் நெடுநாள் கசப்பும் எழுந்தது. நம் ஆய்வுக்கு முதன்மையானது மற்றொன்று. லகாட் சாலையில் வழங்கிய இச்சொற்கள் சில கல் தொலைவிலிருந்த லயங்களை எட்டவில்லை. இரு சாராரும் பேசியது தமிழே. ஒருவர் தமிழில் முதலும் ஐந்தொகையும் இருந்தன; மற்றவர் தமிழில் கூலியும் கடனும் இருந்தன.

சுழற்சி

பெரிய முதல் இல்லாதவர் தொழில் தொடங்க இயலாது என்று எண்ணுவது தவறு என்பதற்கும் ஈப்போவிலேயே சான்று உண்டு. புந்தோங்கில் எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் கடலையும் முறுக்கும் வறுபயறும் செய்து விற்கத் தொடங்கின. அவர்கள் வாழ்ந்த பகுதிக்கே 'கம்போங் கச்சாங் பூத்தே' என்னும் பெயர் நிலைத்தது. கூம்பாக மடித்த காகிதத்தில் கடலை அளந்து கொடுத்த வணிகர்களை மூத்த தலைமுறை நன்கு அறியும்.

இத்தொழிலின் நுட்பம் முதலின் சுழற்சியில் உள்ளது. இன்று வாங்கிய கடலை நாளை வறுபட்டு மறுநாள் காசாகிறது. சிறு முதலாயினும் மாதத்தில் பலமுறை திரும்பிவந்தால் ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் பெருமுதலுக்கு அது ஈடாகும். குடும்ப உழைப்பு செலவைக் குறைக்கிறது. ஒரு பண்டம் விற்காவிடினும் மற்றொன்று விற்கும் என்பதால் பல வகைப் பண்டங்கள் இடரைப் பகிர்கின்றன. தெருவிற்பனையிலிருந்து பொட்டலமிட்டுக் கடைகளுக்கு அனுப்பும் நிலைக்கு அத்தொழில் வளர்ந்தது.

கூட்டு

தோட்டத்தில் சேமிப்பே இல்லை என்று கூறுவதும் சரியன்று. தமிழகத்தில் சீட்டு எனப்படுவது இங்கே 'கூட்டு' என்று வழங்கியது. பத்துப் பேர் மாதந்தோறும் ஆளுக்கு 10 வெள்ளி கட்டினால் மாதம் 100 வெள்ளி சேரும். முறைவைத்து ஒருவர் அதனை எடுப்பார். முதல் மாதம் எடுப்பவர் உண்மையில் கடன் பெறுகிறார். இறுதி மாதம் எடுப்பவர் கடன் கொடுக்கிறார். இன்றைய 100 வெள்ளியும் பத்து மாதம் கழித்து வரும் 100 வெள்ளியும் சமமல்ல என்னும் நிதியியல் கருத்தை, கூட்டுக் கட்டிய ஒவ்வொரு தாயும் அறிந்திருந்தார்.

கூட்டின் குறையும் வெளிப்படையானது. பிடிப்பவர் ஏமாற்றிவிட்டால் கேட்பாரில்லை. 1971இல் மலேசியா கூட்டு நிதித் தடைச் சட்டம் இயற்றி, கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதற்குத் தடை விதித்தது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 'கூட்டு' என்னும் தமிழ்ச்சொல் அப்படியே நிற்கிறது. நாட்டின் சட்ட நூலில் நம் சொல் ஒன்று தடைக்குரிய பொருளாக இடம்பெற்றது பெருமைக்குரியதன்று, ஆனால் பாடத்திற்குரியது. கூட்டில் நம்பிக்கை இருந்தது. அந்நம்பிக்கையைக் காக்கும் பதிவும் தணிக்கையும் இல்லை. மேலும், கூட்டுப்பணம் பெரும்பாலும் திருமணத்திற்கும் நகைக்கும் செலவாயிற்று. சேமிப்பு ஈட்டும் பொருளாக மாறினால்தான் முதல் ஆகும்.

பங்கு

1950களில் தோட்டங்களுக்குப் புதிய ஆபத்து வந்தது. வெளிநாட்டு உரிமையாளர் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டுகளாக்கி விற்றனர். மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் உங்கு அப்துல் அசிஸ் 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலை விரிவாக ஆராய்ந்தார். துண்டாடப்பட்ட தோட்டங்களில் தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். தலைமுறைகளாக வெட்டிய மரங்கள் கண்ணெதிரே கைமாறின.

இதற்கு மாற்று வழி கண்டவர் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த வீ.தி. சம்பந்தன். தோட்ட உரிமையாளர் ஒருவரின் மகனாகிய அவர், அப்போது மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தார். 1960இல் அவர் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. அவர் தோட்டந்தோறும் சென்று, ஆளுக்கு 10 வெள்ளி கட்டிச் சேருமாறு தொழிலாளரிடம் வேண்டினார். அடுத்த ஆண்டே கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது.

10 வெள்ளியால் தனியொருவர் ஒரு காணி நிலமும் வாங்க இயலாது. ஆயிரக்கணக்கானோரின் 10 வெள்ளி ஒன்றுசேர்ந்தபோது தோட்டம் முழுமையாக வாங்கப்பட்டது. துண்டாடப்படாமல் உற்பத்தி தொடர்ந்தது. கூட்டுக்கும் கூட்டுறவுக்கும் உள்ள வேறுபாடு இங்குத் தெளிவாகிறது. கூட்டில் பணம் சுற்றிச் சுற்றி வருகிறது. கூட்டுறவில் அது நிலமாகவும் மரமாகவும் நின்று ஈட்டுகிறது. கூட்டில் சான்று பிடிப்பவரின் சொல். கூட்டுறவில் பதிவும் தணிக்கையும் ஆண்டுப் பொதுக்கூட்டமும் உண்டு. எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஓர் உறுப்பினர்க்கு ஒரு வாக்கே என்பது கூட்டுறவு நெறி.

ஆஸ்திரியப் பொருளியலாளர் சும்பீட்டர், இருப்பனவற்றைப் புதிய முறையில் இணைப்பதே தொழில்முனைவு என்றார். நிலம், மரம், உழைப்பு, சிறுசேமிப்பு ஆகிய அனைத்தும் முன்பே இருந்தன. அவற்றை இணைத்த முறையே புதிது. காலங்காலமாக இடரில் மட்டும் பங்கு கொண்டிருந்த தொழிலாளி, இலாபத்திலும் பங்கு கொண்டார். குறள் கூறிய பொருளில் அவருக்கு ஊதியம் கிடைத்தது.

இதன் எல்லையையும் நாம் மறைத்தல் ஆகாது. சங்கம் வாங்கியவை தோட்டங்களுள் ஒரு பகுதியே. பின்னாளில் ரப்பர்க் காடுகள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டன. பங்கில்லாத குடும்பங்கள் நகர்ப்புற ஓரங்களுக்குக் கைப்பொருளின்றிப் பெயர்ந்தன. பங்கு பெற்றோருள்ளும் ஆண்டறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்கும் பயிற்சி அனைவருக்கும் வாய்த்ததில்லை. கணக்கைப் படிக்க இயலாத பங்குதாரர் பெயரளவிலேயே உரிமையாளர்.

ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது இதுவே. தொழில்முனைவுப் பாடத்தைத் தொடங்கும்போது உலகப் பெருஞ்செல்வர் கதைகளை மட்டும் கூறாதீர்கள். மாணவர் தம் பாட்டி தாத்தாவிடம் சென்று கூட்டு, தவணை, பற்று, முதல் ஆகிய சொற்களை எவ்வாறு வழங்கினர் என்று கேட்டு எழுதி வரட்டும். ஒரு கடலை வணிகரின் ஒரு வாரக் கணக்கை அவர்களே எழுதிப் பார்க்கட்டும்: போட்ட முதல், ஆன செலவு, வந்த விற்பனை, எஞ்சிய இருப்பு. பின்னர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையை வகுப்பில் விரித்து, அதில் ஐந்தொகை எங்கே உள்ளது என்று தேடச் சொல்லுங்கள். இறுதிக் கோட்டின்கீழ் நிற்கும் தொகையைச் சுட்டி, 'இது யாருடைய ஊதியம்?' என்று வினவுங்கள். அவ்வினாவுக்கு விடை சொல்லத் தெரிந்த மாணவர், சம்பளத்திற்குச் சென்றாலும் தொழில் தொடங்கினாலும், இடரையும் இலாபத்தையும் பிரித்தறிந்தே தம் வழியைத் தெரிந்துகொள்வார்.