ஆசானின் கையும் மேடையின் காலும்

ஹாங்காங் நகரத்துக் குங்ஃபூ படங்களைப் பார்த்து வியக்கிறவர்கள் நடிகனின் கைவேகத்தைக் கொண்டாடுவார்களேயன்றி, அந்தக் கை எங்கே ஓங்கி எங்கே நிற்க வேண்டுமென்று வகுத்துக் கொடுத்தவனை நினைப்பதில்லை. நம்மூர்க் கொட்டகைகளிலும் 'சண்டைப் பயிற்சி' என்ற எழுத்து திரையில் ஓடும்போது ஜனங்கள் நாற்காலி தேடிக்கொண்டிருப்பது வழக்கந்தான்.

1949-ல் வூ பாங் என்பவரின் இயக்கத்தில், க்வான் தக்ஹிங் என்ற காண்டனீய நாடக நடிகர் வோங் ஃபெய்ஹுங் வேஷம் பூண்டு நடிக்கத் தொடங்கிய வரிசையில் எழுபதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. அந்த வேஷத்துக்கு மூலமான மனிதரோ, காண்டன் நகரத்தில் எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே சீடர்களுக்குக் குத்துவரிசை கற்பித்து, 1920களின் நடுவில் காலமான மெய்யான ஆசான். அவருடைய சீடர் லாம் சாய்விங், பன்றியிறைச்சி வியாபாரி. அவரிடம் பயின்ற லாவ் சாம் இந்தப் படங்களிலேயே தோன்றி நடித்தார். லாவ் சாமின் புதல்வரே பிற்காலத்தில் சண்டை அமைப்பாளராகப் பிரசித்தி பெற்ற லாவ் கார்லியுங். ஆக, பாவனைக் குத்துக்குப் பதிலாக உண்மையான வரிசையைத் திரையில் காட்டும் சம்பிரதாயம், குருசிஷ்ய பரம்பரையாகவே சினிமாவுக்குள் நுழைந்தது.

மற்றொரு பரம்பரை பீக்கிங் நாடகத்தைச் சேர்ந்தது. பெற்றோர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன சிறுவர்களைப் பிரம்பின் நிழலில் கரணம் போடவைத்த அந்தப் பள்ளிகள் தர்மசாலைகள் அல்ல. ஆயினும், யூ ஜிம்யுவன் நடத்திய ஒரே பள்ளியிலிருந்து ஜாக்கி சானும் சாம்மோ ஹங்கும் வந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. 1966-ல் கிங் ஹூ எடுத்த வாள்வீரப் படத்துக்குச் சண்டை அமைத்த ஹான் யிங்சியேயும் இந்த மரபினரே. அவர் அமைப்பில், வாள் பாய்வதற்கு முன் நிலவும் நிசப்தத்துக்கு மேடைத் தாளத்தின் அளவு இருந்தது.

ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் பிறர் படங்களுக்குச் சண்டை வகுத்துவிட்டு, 1975-ல் தாமே இயக்குநரான லாவ் கார்லியுங், தம் பரம்பரைக்குரிய ஹங்கார் முறையைக் கதையாகவே ஆக்கினார். 1978-ல் வெளிவந்த 'ஷாவோலின் 36 அறைகள்' படத்தில் ஏறத்தாழப் பாதி, சண்டையே அல்ல, அப்பியாசம். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டித் தண்ணீர் வாளிகளைச் சுமந்து நடக்கும் சீடனின் மேற்கைகளில் கத்திகள் கட்டப்பட்டிருக்கும். சோர்ந்து கை தாழ்ந்தால் முனை விலாவில் குத்தும். பத்துப் பேரை அடித்து வீழ்த்தும் காட்சியைவிட இந்த ஒன்றே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. ஏனெனில் குத்தின் பின்னாலிருக்கும் வருஷங்களை அது காட்டிவிடுகிறது.

இவ்விரு பரம்பரைகளும் 1994-ல் ஒரே படத்தில் எதிர்ப்பட்டன. வோங் ஃபெய்ஹுங்காக நடித்தவர் ஜாக்கி சான். இயக்கியவர் வோங்கின் சீடருக்குச் சீடரான லாவ் சாமின் மகன். ரயில் பெட்டிக்கு அடியில் குனிந்தபடி இருவரும் ஆயுதங்களோடு பொருதும் காட்சி வரையில் ஒத்துழைத்தவர்கள், சண்டையின் போக்கைப் பற்றிய அபிப்பிராய பேதத்தால் பிரிந்தார்கள். லாவ் விலகிய பின், இறுதிச் சண்டையைத் தம் போக்கிலேயே எடுத்த ஜாக்கி சான், அதற்காக எரியும் கரித் தணலின்மேல் மெய்யாகவே தவழ்ந்தார்.