சீன அரண்மனை டிராகன் இரத்தினக்கம்பளங்கள்

மிங், சிங் என்னும் இரு அரச வமிசங்களின் காலத்தில், 1368 முதல் 1912 வரை, அரண்மனைகளிலும் பௌத்த மடாலயங்களிலும் விளங்கிய, டிராகனையே பிரதான சித்திரமாகக் கொண்ட கம்பளங்கள் இப்பெயரால் குறிக்கப்பெறும். சீனருக்கு டிராகன் தீய பிராணியன்று. மழைக்கும் நீருக்கும் அதிபதி, சக்கரவர்த்தியின் சின்னம். அதன் ஐந்து நகங்கள் அரசனுக்குரியன, நான்கு நகங்கள் பிரபுக்களுக்கு.

பாவு நூலில் ரோம இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சிட்டு நெய்த மிங் கால விரிப்புக்கள் இன்று மஞ்சளாகத் தோன்றினும், ஆதியில் செந்நிறம் பூண்டவை, சாயம் வெளிறிவிட்டது. அவற்றுள் ஒன்று 2021ஆம் ஆண்டு பாரிஸில் 68 இலட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போயிற்று.

நிங்ஷியாப் பிரதேசத்தில் நெய்யப்பெற்றுத் திபெத்திய, மங்கோலிய மடாலயங்களின் தூண்களுக்கு அணிவிக்கப்பட்ட தூண்கம்பளங்களே இவ்வினத்தில் அதிசயமானவை. தரையில் விரித்தால் டிராகனின் உடல் இரு ஓரங்களிலும் அறுபட்டுக் கிடக்கும். பக்கங்களில் கரையும் இராது. தூணில் சுற்றி ஓரத்தோடு ஓரம் பொருத்திய கணமே, அறுபட்ட செதில்கள் ஒன்றோடொன்று கூடி, இலங்கையில் பதுளையிலிருந்து வரும் புகையிரதம் தெமோதரை நிலையத்தின் கீழுள்ள சுரங்கத்தில் புகுந்து, மலையைச் சுற்றி அதே நிலையத்துக்கு ஏறி வருவதுபோல, அலைகளும் மலைகளும் தீட்டிய அடிப்புறத்திலிருந்து முழு உருவமும் வளைந்து மேலெழும். இவற்றைச் சுவரில் தட்டையாக மாட்டி இரசிப்போர் பாதியே கண்டவராவர்.

இலங்கையில் அரச டிராகனின் ஐயமற்ற சுவடு கம்பளத்திலன்று, கல்லிலேயே உளது. மிங் வமிசத்து யொங்லே சக்கரவர்த்தியின் ஆணையால், 1409ஆம் ஆண்டுத் திகதி பொறித்து, கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த மும்மொழிக் கல்லின் வளைந்த முகட்டில் இரு டிராகன்கள் ஒன்றையொன்று நோக்குகின்றன. அவற்றின் கீழ்ச் சீனம் புத்தரையும், தமிழ் தெவிநுவரையில் எழுந்தருளிய தெனவரை நாயனாராகிய விஷ்ணுவையும், பாரசீகம் அல்லாஹ்வையும் போற்றி, ஏறக்குறைய ஒரே காணிக்கைகளை அடுக்கிச் சொல்கின்றன. தமிழ்ப் பகுதியில் பொன் 1000 கழஞ்சு, வெள்ளி 5000 கழஞ்சு ஆகியவற்றோடு பட்டுக்களும் பொன்னிழைக் கொடிகளும் இடம்பெறுகின்றன. மூன்று சமயத்தாரையும் ஒருங்கே மகிழ்விக்கும் இந்த இராஜதந்திரம், நெய்த பொருளை அரச பிரசாதமாகக் கருதிய மிங் அரசவையின் மனப்பாங்கையும் காட்டுகிறது. எனினும் இத்துணை மகிமை வாய்ந்த கல், 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகவே கண்டெடுக்கப்பட்டது.

இப்போது அது கொழும்பு தேசிய நூதனசாலையில் உளது. பதுளைப் புகையிரதத்தில் கொழும்பு செல்வோர் ஒரு முற்பகலை அதற்கென ஒதுக்கி, எழுத்தைப் படிக்குமுன் முகட்டைப் பார்ப்பாராக.