கிறீச்சிட்ட மூட்டும் கம்பியில்லாச் சைக்கிளும்

இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பின் மீண்டும் சைக்கிள் மிதிக்கலாமா? விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசம் போன்ற நம் ஊர்களில் இது பொழுதுபோக்கைப் பற்றிய வினா அன்று. கழனிக்கும் கடைத்தெருவுக்கும் பிறர் தயவின்றிப் போய்வர இயலுமா என்பதே அதன் பொருள்.

விடையின் வரலாறு ஓர் ஓசையில் தொடங்குகிறது. 1950களில் இங்கிலாந்தில் அக்ரிலிக் மூட்டுப் பொருத்தப்பெற்ற ஒருவரின் இடுப்பு, அசையும்போதெல்லாம் கிறீச்சிட்டது. அவர் மனைவிக்கு அருகில் இருக்கவே பொறுக்கவில்லையாம். உராய்வே பகை என உணர்ந்தார் மருத்துவர் ஜான் சார்ன்லி. முதலில் அவர் நம்பிய டெஃப்லான் கிண்ணம் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தது. பலருக்கு மறு அறுவை செய்ய நேர்ந்தது. 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறினார். அதனுள் சுமார் 22 மி.மீ. எஃகுப் பந்து. இன்றைய செயற்கை மூட்டுகள் அவ்வழியில் வந்தவையே.

சமதரையில் மிதிக்கையில் உடல் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்குகிறது; ஆதலால் மூட்டுக்கு நடையைவிடச் சுமை குறைவு. இடரெல்லாம் ஏறி இறங்குவதில்தான். குறுக்குக் கம்பியுள்ள வண்டியில் காலை வீசி ஏறுகையில் பந்து நழுவவோ, நாம் விழவோ கூடும். எனவே மருத்துவர் இசைந்த பின்னரும் கம்பியில்லாச் சைக்கிளே தக்கது.

அதைத் தேடி அலையவும் வேண்டாம். 2001-02 கல்வியாண்டிலிருந்து மாணவியருக்கு அரசு வழங்கிய சைக்கிள்கள் பல வீட்டுத் திண்ணைகளில் சாய்ந்து நிற்கின்றன. ‘பொம்பளை சைக்கிள்’ என்று நம்மில் பலர் அதைத் தொடுவதில்லை. சார்ன்லி மூட்டின் உராய்வைக் குறைத்தார். இந்தக் கூச்சத்தை நாம்தான் குறைத்துக்கொள்ள வேண்டும்.