மைசூர் மாநிலமும் எழுத்துப் புதிர்ப் போட்டியும்

எழுத்துகளைக் கூட்டியும் அடுக்கியும் இடம் மாற்றியும் விடை காணும் புதிர் எது என்று இலக்கண நூலாசிரியர் விளக்குவதில் வியப்பில்லை. இந்திய நாடாளுமன்றமே அதை வரையறுக்க நேர்ந்தது. குறுக்கெழுத்து, விடுபட்ட சொல், படப்புதிர் என எப்பெயரில் நடந்தாலும், எழுத்து, சொல் அல்லது எண்களின் சேர்க்கையையும் வரிசை மாற்றத்தையும் அடிப்படையாகக் கொண்ட புதிருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டால் அது ‘பரிசுப் போட்டி’ ஆகும் என்று 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம் கூறியது. அச்சட்டத்தின் பொருளை உச்ச நீதிமன்றம் தீர்மானித்த வழக்குகளில் மைசூர் மாநிலத்தில் பதிவான ஒரு நிறுவனம் நடுவிடம் பெறுகிறது.

எழுத்து விளையாட்டு தமிழுக்கு வெளியிலிருந்து வந்ததன்று. ஒரு சொல்லோடு ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் புதுப்புதுச் சொற்களைப் பெறுவதை எழுத்து வருத்தனம் என்றும், ஒவ்வோர் எழுத்தாக நீக்கிப் பெறுவதை அக்கரச் சுதகம் என்றும் பெயரிட்டு, சித்திரகவி வகைகளில் தண்டியலங்காரம் சேர்த்திருக்கிறது. ஆனால் கட்டங்களுக்குள் சொற்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் குறுக்கெழுத்து புதியது. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ இதழில் ஆர்தர் வின் அதை வெளியிட்டார். 1930 பிப்ரவரியில் லண்டன் ‘டைம்ஸ்’ நாளேடும் அதற்கு இடமளித்தது. அதே பத்தாண்டில் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடன் குறுக்கெழுத்துப் போட்டியைத் தமிழ் வாசகர்களிடையே பரப்பியது.

நுழைவுக் கட்டணமும் பெரும் பரிசும் சேர்ந்தபோது புதிரின் இயல்பே மாறியது. அறிவைச் சோதிக்கும் புதிரில் ஒரு குறிப்புக்கு ஒரு விடைதான் பொருந்த வேண்டும். இல்லையேல் அது பிழையான புதிர். பணப்போட்டியிலோ ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் பொருந்துவதே நடத்துபவருக்கு வேண்டியிருந்தது. ‘க’வுக்கும் ‘வு’வுக்கும் இடையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கதவு, கனவு, களவு மூன்றும் அதில் அமரும். ஆங்கிலத்தில் ஏ, டி, ஈ என்னும் மூன்றெழுத்துகளுக்கு முன்னே எல் வந்தால் ‘லேட்’, ஆர் வந்தால் ‘ரேட்’, ஜி வந்தால் ‘கேட்’. குறிப்பின் வாசகம் இவற்றுள் இரண்டுக்குச் சமமாகப் பொருந்துமாறு எழுதப்பட்டிருந்தால், அகராதியை மனப்பாடம் செய்தவரும் செய்யாதவரும் ஒரே நிலையில்தான் நிற்பர். அத்தகைய குறிப்புகள் பத்து இருந்தால் 1,024 விடைத்தாள்களும், பதினைந்து இருந்தால் 32,768 விடைத்தாள்களும் சாத்தியமாகின்றன. அவற்றுள் நடத்துபவர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்த ஒன்றோடு ஒத்துப்போவதே வெற்றி. சொல்லறிவு உள்ளவர் என்ற நம்பிக்கையை ஊட்டி அந்த அறிவுக்கு வேலையே இல்லாத இடத்தில் ஒருவரை நிறுத்துவது சாதாரணச் சீட்டாட்டத்தினும் கொடியது எனலாம். சீட்டாடுபவருக்குத் தாம் சூதாடுவது தெரியும்.

பம்பாய் மாகாணம் 1948இல் லாட்டரிகளையும் பரிசுப் போட்டிகளையும் உரிமம், வரி ஆகியவற்றுக்கு உட்படுத்திய சட்டம், மாகாணத்துக்கு வெளியே அச்சாகும் செய்தித்தாள்களில் வரும் போட்டிகளைத் தொடவில்லை. ஆர். எம். டி. சமர்பாக்வாலா நிறுவிய ஆர்.எம்.டி.சி. (மைசூர்) நிறுவனம், பெங்களூரில் அச்சிட்டு வெளியான ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ வார இதழின் வழியாகக் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தியது. இதழ் பம்பாய் மாநிலத்தில் பரவலாக விற்றது. விடைத்தாளையும் கட்டணத்தையும் பெற அங்கே சேகரிப்பு நிலையங்களும் முகவர்களும் இருந்தனர். 1952இல் பம்பாய் அரசு சட்டத்தைத் திருத்தி வெளிமாநில இதழ்களையும் வரிக்குள் கொண்டுவந்ததும் வழக்கு எழுந்தது. தொழில் நடத்தும் அடிப்படை உரிமையும், மாநிலங்களுக்கிடையே வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்னும் அரசமைப்பின் 301ஆம் பிரிவும் மீறப்பட்டன என்பது நிறுவனத்தின் வாதம். உயர் நீதிமன்றத்தில் நிறுவனம் வென்றது. அரசு மேல்முறையீடு செய்தது.

1957 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. பம்பாய் வழக்கில் தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ், ரிக் வேதத்தின் சூதாடி பற்றிய பாடல் முதல் தரும சாத்திரங்கள் வரை எடுத்துக்காட்டி, சூது அரசமைப்பு காக்கும் வணிகமாகாது என்றும், இப்போட்டிகள் சூதின் தன்மையுடையவை என்றும் முடிவு செய்தார்.

1955ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தை எதிர்த்த இரண்டாம் வழக்கின் தீர்ப்பை எழுதியவர் டி. எல். வெங்கடராம ஐயர். முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் ஆழ்ந்த புலமை கொண்டு 1944இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர் இவரே. மாதப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டினால் போட்டியை முற்றாகத் தடுத்தும், அதற்குட்பட்டவற்றில் 2,000 விடைத்தாள்களுக்கு மேல் ஏற்கக் கூடாதென விதித்தும் இருந்த அச்சட்டத்தின் வாசகம், திறமைப் போட்டி, சூதுப் போட்டி என்று வேறுபடுத்தவே இல்லை. சட்டம் எந்தத் தீமையை நீக்க வந்தது என்பதைக் கொண்டே சொல்லுக்குப் பொருள் கொள்ள வேண்டும் என்று கூறிய அவர், வெற்றி பெருமளவு திறமையைப் பொறுத்த போட்டிகள் இந்த வரையறைக்குள் வரா என்று விளக்கினார். வந்தாலும் அப்பகுதியைப் பிரித்து நீக்கிவிட்டு எஞ்சிய சட்டத்தை நிலைநிறுத்தலாம் என்றும் கண்டார். செல்லாத பகுதியைப் பிரித்தெடுக்கும் இக்கோட்பாடே சட்டக் கல்லூரிகளில் அத்தீர்ப்பின் பெயரை நிலைக்கச் செய்தது. எழுத்தறிவைச் சூதிலிருந்து பிரித்துக் காத்த பகுதி, அதற்கு இணையான மதிப்புடையதாயினும், குறைவாகவே பேசப்படுகிறது.

இதே நிறுவனம் மைசூர் அரசுடன் நடத்திய மூன்றாவது வழக்கு வரி பற்றியது. 1951இல் மைசூரும் பம்பாயைப் போலக் கட்டுப்பாட்டு, வரிச் சட்டம் இயற்றியிருந்தது. பிறகு போட்டிகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசமைப்பின் 252ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு மாநிலம் விட்டுக்கொடுத்ததால் வரி விதிக்கும் அதிகாரமும் போய்விட்டது என்றது நிறுவனம். மாநிலப் பட்டியலின் 34ஆம் பதிவு சூதாட்டத்தையும், 62ஆம் பதிவு அதன்மீதான வரியையும் தனித்தனியே கூறுவதால், ஒன்றைக் கொடுத்தவர் மற்றதையும் கொடுத்தவராகார் என்று உச்ச நீதிமன்றம் 1961இல் விடையளித்தது. அதற்குள் 1,000 ரூபாய் வரம்பு நடைமுறைக்கு வந்து, பெரும் பரிசுப் போட்டிகள் பொருளிழந்திருந்தன. கட்டணம் இல்லாமல், ஒரே விடை பொருந்துமாறு அமைத்து, அடுத்த இதழில் அவ்விடையை வெளியிடும் குறுக்கெழுத்து ஏடுகளில் தொடர்ந்தது.